பள்ளிக்கூடம் திறந்திருந்த பதினாறு நாள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடியவர் என் அப்பா. திறந்தவரும் அவர்தான். மூடியதற்கும் திட்டு வாங்கினார், திறந்ததற்கும் திட்டு வாங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரே மனிதரை இரண்டு பக்கத்திலிருந்தும் திட்ட முடியும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்தால் வருகிற சின்ன ஊர் அது. அறுபதுகளின் தொடக்கம். ஒரகடத்துப் பக்கமெல்லாம் அப்போது வெறும் புதரும் சரளைக்கல்லும்தான். ஊரில் மாரியம்மன் கோயிலும் இருந்தது, மாதா கோயிலும் இருந்தது. பள்ளிக்கூடம் மாதா கோயிலைச் சேர்ந்தது. ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். ஒருவர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சைக்கிளில் வருவார். இன்னொருவர், தலைமை ஆசிரியர், என் அப்பா. பள்ளிக்கூடத்தை ஒட்டியே எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், ஒன்றரை வயதுத் தம்பி, அத்தை என்று ஐந்து பேர்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மாமா இறந்துபோக, ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிற வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மக்காச்சோள மாவில் உப்புமா கிண்டுவாள், பால் பவுடரை வெந்நீரில் கரைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றுவாள். அந்த மாவுக்கு ஒரு மக்கல் நாற்றம் உண்டு. வீட்டில் சோறு இருந்த பிள்ளைகளான நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். வீட்டில் சோறு இல்லாத பிள்ளைகள் சட்டியைச் சுரண்டும் சத்தத்துக்காகக் காத்திருந்து இரண்டாம் தடவை தட்டை நீட்டுவார்கள். அத்தைக்கு எந்தப் பிள்ளை எந்த ரகம் என்று மனப்பாடம்.

மாசி மாதம் பெரியம்மை வந்தது. முதலில் பெரிய தெருவில், கிராம முன்சீப்பின் தம்பி வீட்டில். அம்மை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “அம்மா வந்திருக்காங்க” என்பார்கள், விருந்தாளி வந்த மாதிரி. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகிவிட்டால், அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை, அங்கிருந்து யாரும் வருவதில்லை. நாங்கள் கத்தோலிக்கர். ஆனால் எங்கள் தெருவிலும் சிலுவைக்குக் கீழே வேப்பிலை தொங்கியது. நோய் விலகச் செபஸ்தியார் சுரூபத்தை ஊரைச் சுற்றி எடுத்துப்போக வேண்டும் என்றார்கள். கூட்டம் சேரக் கூடாது என்று அப்பா பங்குச் சாமியாரிடம் மன்றாடினார். சரி, சுரூபத்தைத் தூக்க நாலு பேர் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. நாலு பேர் மட்டுமே தூக்கினார்கள். பின்னால் ஊரே போயிற்று.

மூன்றாவது வீட்டில் வேப்பிலை கட்டிய அன்று அப்பா மணியடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார். மேலிடத்துத் தாக்கீது வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. இவருக்கு அதுவரை பொறுக்கவில்லை. யாரைக் கேட்டு மூடினீர் என்று முன்சீப் கோபித்துக்கொண்டார். அம்மா மட்டும் அன்று அடுப்படியில் முட்டிபோட்டு ஒரு அருள்நிறை மரியே சொன்னாள். அவள் பயமெல்லாம் தம்பியைப் பற்றி. அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று தம்பிக்குக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலோடு குத்தக் கூடாது, அடுத்த நடை வரும்போது குத்துகிறேன் என்று அவர் போய்விட்டார். எனக்கு இரண்டு கையிலும் குத்தினார். தம்பிக்கு இல்லை. அந்த அடுத்த நடைக்காக அம்மா தினமும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் சலித்துப்போயிற்று. அம்மா என்னை வாசல் தாண்ட விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். மதியம் மணி அடிக்கிற நேரத்துக்கு ஏழெட்டுப் பேர் அலுமினியத் தட்டோடு வந்து பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. வெயில் சாய்ந்ததும் எழுந்து போனார்கள். மறுநாளும் வந்தார்கள்.

அவர்கள் எல்லாம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் ஊரில் அம்மை என்று தெரிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஊர் ஆட்களைக் களத்துக்குள் விடுவதை நிறுத்திவிட்டார்கள். அறுப்புக் காலத்தில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நெல் இல்லை. இதெல்லாம் அத்தை அப்பாவிடம் பேசும்போது காதில் விழுந்தது. மாவு மூட்டை பூட்டின அறையில்தானே இருக்கிறது, பள்ளிக்கூடம் வேண்டாம், சோறு மட்டும் போடலாமே என்று அவள் கேட்டாள். சோறு போட்டால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் மூடினதற்கு அர்த்தமே இல்லை என்றார் அப்பா. அம்மா அப்பாவின் பக்கம். அத்தை அன்றிலிருந்து மதியம் சாப்பிட உட்கார மாட்டாள். அவள் பங்குச் சோற்றை என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

பங்குனி பிறந்த வாரம் மல்லிகா செத்துப்போனாள். இரண்டாம் வகுப்புப் பெண். மதகுக்குப் பக்கத்துக் குடிசை. அவளும் இன்னும் இரண்டு பேரும் ஏரிக்கரை வேலியில் இருந்த காட்டாமணக்குக் கொட்டையை உடைத்துத் தின்றிருக்கிறார்கள். தின்னும்போது அது இனிப்பாகத்தான் இருக்குமாம். மற்ற இருவரும் வாந்தியெடுத்துப் பிழைத்தார்கள். மல்லிகாவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. அம்மை கண்ட ஊருக்கு யார் வண்டி கட்டுவார்கள்? அப்பாதான் முன்சீப் வீட்டு வண்டியை இரவல் வாங்கி, அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஒரகடம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டியை அங்கேயே திருப்பிக்கொண்டு வந்தார்.

வந்தவர் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாளி பக்கத்திலேயே இருந்தது, தண்ணீர் இறைக்கவில்லை. அத்தை போய் எதிரில் நின்றாள்.

“அம்மை ஒரு உசிரையும் எடுக்கல, அண்ணா” என்றாள். “பூட்டுதான் எடுத்திச்சி.”

அது நியாயமில்லாத பேச்சு. அம்மை அதற்குள் பெரிய தெருவில் ஒரு கிழவரைக் கொண்டுபோயிருந்தது. அப்பா அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். சாமியார் நாற்காலியில், முன்சீப் இன்னொரு நாற்காலியில். அம்மை குத்துகிறவரைப் படப்பையிலிருந்து ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். அவர் தம்பிக்கும் குத்திவிடுவார் என்று அம்மா ஆசையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். மருந்துப் பெட்டியைக் கொண்டுவரவில்லை, இருந்த மருந்தெல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டது என்று அவர் கையை விரித்தார். வருகிற புதன்கிழமை வருகிறேன், அது தப்பினால் அடுத்த புதன் என்றார்.

பேச்சு நீண்டது. கடைசி வேப்பிலை உலர்ந்து பதினைந்து நாள் ஆகும்வரை திறக்கவே கூடாது என்றார் அம்மை குத்துகிறவர். அதற்குள் இன்னொரு வீட்டில் கட்டினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். அப்படியானால் வருஷத்துக்கும் திறக்க முடியாது என்றார் ஸ்ரீபெரும்புதூர் வாத்தியார், அவரோ திறந்தாலும் நான் வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டவர். பாதிப் பேர் திற என்றார்கள். பாதிப் பேர் திறந்தால் கல்லெடுத்து அடிப்போம் என்றார்கள். கடைசியில் அப்பா ஒரு நடுவழி சொன்னார். நாலும் ஐந்தும் மட்டும் முதலில் திறக்கலாம், பெரிய பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள், தள்ளி உட்காருவார்கள். சின்ன வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாமியார் தலையாட்டினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“மேல் கிளாஸ் புள்ளைங்களுக்கு மட்டுந்தான் வயிறு கீதா? செத்தது ரெண்டாங்கிளாஸு.”

மல்லிகாவின் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, சரி, எல்லா வகுப்பையும் திறக்கிறேன் என்றார். இரண்டு கட்டளை போட்டார். அம்மை குத்தின தழும்பு இருக்கிற பிள்ளைகள் மட்டும் வர வேண்டும். வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து ஒருவரும் வரக் கூடாது, தெரிந்து அனுப்பினால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்புறம் பள்ளிக்கூடமே இல்லை. தானே ஒவ்வொரு வீடாகப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவதாகவும் சொன்னார்.

அப்போதுதான் எங்கள் தெரு ஆள் ஒருவர் எழுந்து, மரியாதையாகவே கேட்டார்.

“எல்லாம் சரி, சார். உங்க பொண்ணு வருமா?”

அப்பா, “வரும்” என்றார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று எழுந்து வீட்டுக்குள் போனாள்.

அன்று சாயங்காலம் நடந்த சண்டையைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்று அவள்தான் பேசினாள். சட்டம் போட்டவர் திறந்து உட்காரட்டும், சமைக்கிறவள் சமைக்கட்டும், குத்தாத கைப்பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளையையும் எதற்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

“ஊருக்கு வழி காட்ட என் புள்ளதான் கெடைச்சுதா?”

“நம்ம புள்ள வரலைன்னா ஒரு புள்ளையும் வராது” என்றார் அப்பா.

“வராட்டி போவட்டும்.”

அப்பா வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் ஒட்டுக்கேட்டதற்கு அடி விழும் என்று நினைத்தேன். அவர் குனிந்து, என் உயரத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். அப்பா என்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. வா என்பார், போ என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மாதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? வருகிறேன் என்று கத்தினேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். ரொம்ப இறுக்கிப் பின்னினாள். சாயங்காலம் வந்ததும் பின்பக்கம் கிணற்றடிக்குப் போக வேண்டும், மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேறு பாவாடை மாற்றிய பிறகுதான் உள்ளே வர வேண்டும், தம்பி அழுதாலும் தூக்கக் கூடாது என்றாள். அத்தைக்கும் அதே கட்டளை. அத்தை, “சரி அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

வழக்கம்போல் நான் கன்னியம்மாவைக் கூப்பிடப் போனேன். அவள் என் வகுப்பு, மல்லிகாவின் குடிசைக்கு அடுத்த குடிசை. அவள் தம்பி ஏழுமலை ஒன்றாம் வகுப்பு. முன்வாசல் சுத்தமாகச் சாணி தெளித்து, கோலம்கூடப் போட்டிருந்தது. அவர்கள் வீட்டுக்கு நான் எப்போதும் பின்பக்கமாகத்தான் போவேன், முருங்கைமரம் இருந்ததால். அன்றும் சுற்றிக்கொண்டு போனேன். பின்கதவின் இரண்டு பக்கமும் புதிய வேப்பிலைக் கொத்து. உள்ளே யாரோ ஆம்பிளைக் குரலில் முனகினார்கள்.

கன்னியம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முருங்கைமரத்தடிக்குப் போனாள். அவள் அப்பாவுக்கு மூன்று நாளாக அம்மா வந்திருக்கிறார்களாம். வேப்பிலை கட்டாவிட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும், முன்னால் கட்டினால் பள்ளிக்கூடத்தில் விட மாட்டார்கள், அதனால் அவள் அம்மா பின்னால் கட்டியிருக்கிறாள்.

“சொல்லாதடி. சொன்னா எங்களுக்கு சோறு கெடையாது. ஏழுமலை நேத்துலேந்து ஒண்ணும் துன்னல.”

ஏழுமலை தட்டை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றான். தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான்.

காலை ஜெபத்துக்கு எல்லாரும் வரிசையாக நின்றோம். அறுபது பேர் வந்திருந்தார்கள். வாத்தியார் பெண் வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு வந்தவர்கள் பாதி. அப்பா தழும்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு எதிரில் நின்று, வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறீர்களா, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். கன்னியம்மா காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நானும் மண்ணைப் பார்த்தேன். ஒருவரும் கை தூக்கவில்லை. அப்பா ஒருமுறைதான் கேட்டார். வகுப்பில் ஒரு கேள்வியை மூன்று முறை கேட்காமல் விடாதவர் அவர்.

அன்று மதியம் அத்தை பரிமாறியதைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தட்டிலும் கரண்டியைக் கவிழ்த்துவிட்டு அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டாள். நானும் அன்று மூக்கைப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலை தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல், சுவரில் சாய்ந்துவிட்டான். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் என்றார்கள். அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது நேராகக் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கன்னியம்மாவும் அதற்கு மறுநாளிலிருந்து வரவில்லை. அத்தை சாயங்காலங்களில் ஒரு பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்வந்தாள். கேட்டால் சுள்ளி பொறுக்கப் போனேன் என்பாள். சுள்ளி ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை.

அவர் சொன்ன புதன் வந்தது. அம்மை குத்துகிறவர் வரவில்லை. பென்னலூர்ப் பக்கத்தில் நிறைய வீடுகளில் கண்டிருக்கிறது, அவர் அங்கேயே தங்கிவிட்டார் என்று தகவல் வந்தது. அம்மா என்னை அழைத்துக்கொண்டு படப்பை வரை நடந்தாள், தம்பியை வெயில் படாமல் முந்தானைக்குள் மூடிக்கொண்டு. அங்கே பூட்டிய ஒரு அறையும் அவருடைய சைக்கிள் நிற்காத ஒரு தாழ்வாரமும்தான் இருந்தன. அடுத்த புதனும் அப்படியே போயிற்று.

பள்ளிக்கூடம் திறந்த பதினாறாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நெற்றியில் கொப்புளங்கள். அம்மா அதைப் பார்த்தும் அழவில்லை. யாரையும் எதுவும் சொல்லவில்லை. வாழையிலை வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

காய்ச்சல் வந்த அன்றே அப்பா பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார். அவரே போட்ட கட்டளைப்படி இனி அவர் போக முடியாது, அத்தை போக முடியாது, நான் போக முடியாது. சாவியைச் சாமியாருக்குக் கொடுத்தனுப்பினார். திறக்கச் சொன்னவர்கள் இப்போது, அப்போதே சொன்னோமே என்றார்கள். வாத்தியார் வீட்டிலேயே வந்துவிட்டது, மாதாவே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஒருத்தி எங்கள் ஜன்னலுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போனாள். மற்றப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் அம்மை கண்டது, குத்தியிருந்ததால் லேசாகப் போயிற்று. ஏழுமலையும் பிழைத்தான், அவன் அப்பாவும் பிழைத்தார்.

தம்பி இருபது நாள் வாழையிலையில் கிடந்தான். உயிர் பிழைத்துவிட்டான் என்று தெரிந்த அன்று சாமியார் வந்து வீட்டுப் பெரியவர்களுக்கு நற்கருணை கொடுத்தார். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணில் ஒட்டியிருந்ததை அம்மா ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். இரண்டு கண்ணும் திறந்தன. இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது. அம்மா அவன் முகத்துக்கு முன்னால் கையை அசைத்தாள். பிறகு விளக்கைக் கொண்டுவந்து அசைத்தாள். அவன் அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவன் ஒரு நாளும் படிக்கவில்லை. ஏழு வயதில் கண் தெரியாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். நன்றாகப் படித்தான், இசை ஆசிரியரானான், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அம்மை யார் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று அவன் கேட்டதில்லை. அத்தையின் புடவையா, அப்பாவின் கையா, என் பாவாடையா, அல்லது எங்களில் யாருமே இல்லாமல் தெருவோடு போன ஏதோ ஒன்றா, யாருக்கும் தெரியாது. அத்தை மட்டும் சந்தேகமே இல்லாமல் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவன் விடுதிக்குப் போகும்வரை அவனைத் தரையில் விட்டதில்லை. அம்மா அவளிடமிருந்து பிள்ளையை வாங்குவாள், கொடுப்பாள். பேச மாட்டாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தம்பிக்குக் கொப்புளம் கண்ட அன்று சாயங்காலம் நடந்தது.

அப்பா எங்கள் வாசல் நிலையில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். நான் கொத்துகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு நாளாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சாப்பிட்டால் இறங்கவில்லை. நான் சொல்லியிருந்தால் ஏழுமலை வந்திருக்க மாட்டான், ஏழுமலை வராவிட்டால் தம்பிக்கு வந்திருக்காது என்று ஒரு ஒன்பது வயதுக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இனிக் கோயிலுக்கும் போக முடியாது. அப்பாவிடமே சொல்லிவிட்டேன்.

“அப்பா, கன்னியம்மா வூட்ல பின்பக்கம் வேப்பிலை கட்டியிருந்துச்சி. மொத நாளே பாத்தேன். சொல்லல.”

அப்பா முடிச்சைப் போட்டு முடித்தார். திரும்பவில்லை.

“தெரியும்மா” என்றார். “வாசல் பாக்கப் போனப்ப நானும் பின்பக்கம் போயி பாத்தேன்.”

இலைகளைச் சரிசெய்துகொண்டே, “பக்கத்துல மல்லிகா வூடு. அவுங்கம்மா வாசல்ல ஒக்காந்திருந்தாங்க” என்றார். அதற்கும் வேப்பிலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

நான் திரும்பினேன். எங்களுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். தம்பிக்கு விசிற வேப்பிலை கேட்க வந்தவள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. என் கையில் மீதியிருந்த கொத்துகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவருக்கு வேளை தவறாமல் சாப்பாடு போட்டாள், காய்ச்சலில் கால் பிடித்தாள், அவர் செத்தபோது ஊர் மெச்ச அழுதாள். ஆனால் “என்னங்க” என்று அவரை அவள் கூப்பிட்டு அதற்கப்புறம் நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதே எனக்குக் கல்யாணமாகி, என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகுதான் உறைத்தது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அப்பாவுக்கு முன்னாலேயே தெரியும். பெரியவருக்கு, அதிலும் தலைமை ஆசிரியருக்கே தெரிந்திருந்தால், அது தப்பாக இருக்க முடியாது. அப்படியானால் என் மேல் பாவம் இல்லை. அவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் தாண்டிக் குதித்துக்கொண்டு உள்ளே ஓடி, அடுப்படியில் தட்டைப் போட்டுக்கொண்டு, பசிக்கிறது என்று அத்தையிடம் கேட்டேன். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.